கோலின் சாப்மன்

ஆன்டனி கோலின் புரூஸ் சாப்மன் (மே 19, 1928 – டிசம்பர் 16, 1982) இங்கிலாந்தைச் சேர்ந்த தானுந்து வடிவமைப்பாளரும் பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். லோட்டஸ் தானுந்து நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. இவரது தலைமையில் லோட்டஸ் பந்தய அணி, 1963 முதல் 1978 வரையான காலத்தில், பார்முலா 1 பந்தயத்தின் தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டத்தை ஏழு முறை வென்றது. எடை குறைந்த விளையாட்டுத் தானுந்துகளைப் பாகத் தொகுப்பாக விற்று, வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் செவன் அவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது.

ஒரு பாகம் ஒரு வேலையை மட்டும் செய்தால் அது வீண் சுமை என்பது சாப்மனின் அடிப்படைக் கொள்கை. அவரது வெற்றிகளுக்கும் அவர் மீதான கடுமையான விமர்சனங்களுக்கும் இக்கொள்கையே காரணமாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

சாப்மன் இலண்டனை அடுத்த ரிச்மண்ட் என்னுமிடத்தில் பிறந்தார். வட இலண்டனிலுள்ள ஹார்ன்சி பகுதியில் வளர்ந்தார். அங்கு இவரது தந்தை ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்தி வந்தார். ஸ்டேஷனர்ஸ் கம்பெனி பள்ளியில் பயின்ற பின், 1945 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படிப்பில் சேர்ந்தார். பல்கலைக்கழக வான்படைப் பிரிவில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பின்னர் சிறிது காலம் பிரித்தானிய வான்படையிலும், அதன்பின் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்திலும் பணியாற்றினார்.

சாப்மன் இயந்திரவியல் பொறியாளராக அன்றிக் கட்டமைப்புப் பொறியாளராகப் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. பாலத்திலும் கூரைச் சட்டகத்திலும் விசை எவ்வழியே செல்கிறது என்று கணக்கிடும் பயிற்சியை இவர் தானுந்துக்குப் பயன்படுத்தினார். விசை செல்லும் வழியில் மட்டும் உலோகம் இருந்தால் போதும், பிற இடங்களில் அது தேவையில்லை என்ற பார்வை அங்கிருந்து வந்தது. அலுமினியத் தகட்டைக் கையாண்ட பட்டறிவும், விமானக் கட்டுமானம் பற்றிய அறிவும் இப்பார்வையை வலுப்படுத்தின.

முதல் தானுந்துகள்

மாணவராக இருந்தபோதே சாப்மன் பழைய தானுந்துகளை வாங்கி விற்கும் சிறு வணிகத்தில் ஈடுபட்டார். 1947 இல் பிரித்தானிய அரசு தனியார் தானுந்துகளுக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியதால் அச்சந்தை சரிந்தது. கையிருப்பில் மிஞ்சிய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து, தமக்கேற்றவாறு மாற்றிக் கட்டினார். பின்னாளில் இவரது மனைவியான ஹேசல் வில்லியம்சின் பெற்றோர் வீட்டுக்குப் பின்புறமிருந்த கொட்டகையில் இப்பணி நடைபெற்றது. 1948 இல் முடிக்கப்பட்ட அத்தானுந்தே லோட்டஸ் மார்க் 1 ஆகும். லோட்டஸ் என்ற பெயரை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதை சாப்மன் வெளிப்படையாகக் கூறியதில்லை.

1951 இல் கட்டப்பட்ட மார்க் 3, 750 சிசி வகைப் பந்தயங்களுக்கானது. இவ்வகையில் அனைவரும் ஆஸ்டின் செவனின் பொறியையே பயன்படுத்த வேண்டும். அப்பொறியின் நான்கு உருளைகளுக்கும் காற்றும் எரிபொருளும் செல்ல இரண்டு வாயில்களே இருந்தன. அதாவது ஒவ்வொரு வாயிலையும் இரண்டு உருளைகள் பகிர்ந்துகொண்டன. சாப்மன் உள்ளிழுப்புக் குழாயில் தடுப்பு அமைத்து, ஒவ்வொரு வாயிலையும் இரண்டாகப் பிரித்தார். இதனால் ஓர் உருளை மற்றொன்றின் பங்கைப் பறிப்பது நின்று, பொறியின் திறன் உயர்ந்தது. மார்க் 3 போட்டியாளர்களை எளிதில் முந்தியது. பின்னர் இம்முறையைத் தடுக்கும் வகையில் போட்டி விதிகள் மாற்றப்பட்டன. விதியின் சொற்களைக் கூர்ந்து படித்து, அவை தடுக்காததைச் செய்யும் இவ்வழக்கம் சாப்மனின் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

லோட்டஸ் நிறுவனம்

1952 சனவரி 1 அன்று லோட்டஸ் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹேசலிடமிருந்து பெற்ற 25 பவுண்டு இதன் தொடக்க முதலீடாகக் கூறப்படுகிறது. ரயில்வே ஹோட்டலின் பின்புறமிருந்த பழைய குதிரை லாயமே தொழிற்கூடமானது. சாப்மன் பகலில் பிரிட்டிஷ் அலுமினியத்தில் பணியாற்றி, மாலையிலும் இரவிலும் லோட்டஸ் வேலைகளைக் கவனித்தார். 1954 இல் ஹேசலை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். 1955 தொடக்கத்தில் வேலையை விட்டு முழு நேரமும் லோட்டசுக்கு வந்தார்.

1952 இல் வந்த மார்க் 6 இந்நிறுவனம் தொடராகத் தயாரித்த முதல் தானுந்து ஆகும். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த இதன் அடிச்சட்டம் சுமார் 25 கிலோகிராம் எடையே கொண்டது. இதனை ஏறத்தாழ 100 பேர் வாங்கினர். பெரும்பாலானோர் அடிச்சட்டத்தையும் உடற்தகடுகளையும் லோட்டசிடம் பெற்று, பொறி, கியர் பெட்டி, அச்சு ஆகியவற்றைப் பழைய ஃபோர்டு தானுந்துகளிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொண்டனர்.

லோட்டஸ் 1959 இல் செஸ்ஹண்ட் நகருக்கும், 1966 இல் நார்போக் மாவட்டத்தின் ஹெத்தல் என்னும் ஊருக்கும் இடம்பெயர்ந்தது. ஹெத்தலில் இருந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளத்தின் ஓடுபாதைகள் சோதனைத் தடமாகப் பயன்பட்டன. 1968 இல் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

லோட்டஸ் செவன்

மார்க் 6 இன் வழித்தோன்றலாக 1957 இல் லோட்டஸ் செவன் அறிமுகமானது. இரு இருக்கைகள், திறந்த உடல், கதவுகள் இல்லை. முதல் தொடரில் 1172 சிசி ஃபோர்டு பொறி பொருத்தப்பட்டது. அதன் திறன் சுமார் 40 குதிரைத்திறன் மட்டுமே. எனினும் வண்டியின் எடை 500 கிலோகிராமுக்கும் குறைவாக இருந்ததால், அதனைவிடப் பெரிய பொறி கொண்ட தானுந்துகளோடு அது போட்டியிட்டது. எடையைக் குறைப்பதால் முடுக்கம் மட்டும் கூடுவதில்லை. பிரேக் பிடிக்கும் தொலைவு குறைகிறது, வளைவில் டயர்கள் தாங்க வேண்டிய விசை குறைகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டுமே பயன். எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் பயன் என்பது சாப்மனின் வாதம்.

செவனின் வணிக வெற்றிக்கு வரிச்சட்டமும் ஒரு காரணம். அக்காலப் பிரித்தானியாவில் முழுமையாகப் பூட்டிய தானுந்துக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக விற்கப்பட்டால் அவ்வரி இல்லை. முதல் தொடர் செவன் வரியுடன் 1,036 பவுண்டு, பாகத் தொகுப்பாக 536 பவுண்டு. பூட்டும் முறையை விளக்கும் குறிப்பேடு தரக்கூடாது என விதி இருந்ததால், லோட்டஸ் பிரிக்கும் முறையை விளக்கும் குறிப்பேட்டைத் தந்தது என்றும், வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார் என்றும் ஒரு செய்தி பரவலாகக் கூறப்படுகிறது.

1960 இல் இரண்டாம் தொடரும், 1968 இல் மூன்றாம் தொடரும், 1970 இல் கண்ணாடியிழை உடலுடன் நான்காம் தொடரும் வெளிவந்தன. 1961 இன் சூப்பர் செவனில் காஸ்வொர்த் நிறுவனம் திறன்கூட்டிய 1340 சிசி ஃபோர்டு பொறி இருந்தது. அது 85 குதிரைத்திறன், அதாவது முதல் தொடரைப் போல இரு மடங்கு திறன் தந்தது. 1967 இல் ஒளிபரப்பான தி பிரிசனர் என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஓட்டியதும் செவன் தானுந்தே. நான்கு தொடர்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,500 செவன்கள் விற்பனையாயின.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீக்கப்பட்டு மதிப்புக்கூட்டு வரி வந்தது. பாகத் தொகுப்புக்கு இருந்த வரிச்சலுகை மறைந்தது. விலையுயர்ந்த தானுந்துகளின் பக்கம் திரும்பிவிட்ட சாப்மன், செவனைத் தயாரிக்கும் உரிமையை அவ்வாண்டே கேட்டரம் நிறுவனத்துக்கு விற்றார். கேட்டரம் நான்காம் தொடரைச் சில காலம் தயாரித்துவிட்டு மூன்றாம் தொடர் வடிவத்துக்கே திரும்பியது. அவ்வடிவத்தின் வழிவந்த தானுந்துகளை அது இன்றும் தயாரிக்கிறது.

பராமரிப்பும் திறன்கூட்டலும்

செவன் போன்ற இலேசான தானுந்தில் தேவைக்கு மிஞ்சிய உலோகம் இல்லை. ஆகவே தேய்மானத்தையும் அலட்சியத்தையும் தாங்கும் இடைவெளியும் அதில் குறைவு. சாப்மனின் கொள்கை வண்டியின் உரிமையாளரையே அதன் பொறிவினைஞராகவும் ஆக்கியது.

இதற்கு முன்சக்கரத் தொங்கல் அமைப்பு சிறந்த எடுத்துக்காட்டு. வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் தண்டு பிற தானுந்துகளில் தனிப்பாகமாக இருக்கும். செவனில் அத்தண்டின் முனையே சக்கரத்தைப் பிடிக்கும் மேற்கரத்தின் முன்பாதியாகவும் அமைந்தது. ஒரு கரத்தின் எடை மிச்சமானது. ஆனால் அங்குள்ள இரப்பர் புதை தேய்ந்தால், சாய்வுத் தடுப்பும் சக்கரத்தின் நிலைக்கோணமும் ஒருசேரக் கெடும்.

இரண்டாம் தொடரில் செலவையும் எடையையும் குறைக்க அடிச்சட்டத்தின் சில குறுக்குக் குழாய்கள் நீக்கப்பட்டன. ஸ்டாண்டர்ட் நிறுவனச் சிறு தானுந்தின் பின் அச்சு பொருத்தப்பட்டது. ஏ வடிவச் சட்டம் ஒன்று அந்த அச்சின் நடுக்கூட்டின் அடியில் இணைக்கப்பட்டு, அச்சு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்தது. சாதாரணச் சிறு தானுந்துக்காகச் செய்யப்பட்ட அக்கூடு இந்த விசைகளைத் தாங்க வடிவமைக்கப்படவில்லை. கூடு நெளிந்து எண்ணெய் கசிவதும், விரிசல் விடுவதும் செவன் உரிமையாளர்கள் நன்கறிந்த குறைகள். கூட்டின் மீது வலுவூட்டும் தகடு பற்றவைப்பதே இதற்கு வழக்கமான தீர்வு.

செவனைப் பராமரிப்போர் தவறாது கவனிக்கும் பிற இடங்கள் வருமாறு:

- அடிச்சட்டத்தின் பற்றவைப்பு மூட்டுகள், குறிப்பாகத் தொங்கல் அமைப்பு இணையும் இடங்கள். வண்ணப்பூச்சில் தோன்றும் மெல்லிய கோடு விரிசலின் முதல் அடையாளமாக இருக்கலாம்.
- அலுமினியத் தகடும் எஃகுக் குழாயும் தொடும் இடங்கள். ஈரம் புகுந்தால் இவ்விரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்படும். தகட்டுக்குப் பின்னே குழாய் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. தளர்ந்த ரிவெட் ஆணிகளையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.
- டிரையம்ப் தானுந்துகளிலிருந்து பெறப்பட்ட முன்சக்கரத் தாங்கிகளின் அடியிலுள்ள டிரன்னியன் என்னும் திருகு மூட்டு. இதற்குக் கெட்டி மசகு இடாமல் கியர் எண்ணெயே இட வேண்டும். எண்ணெய் வற்றினால் நிலைத்தண்டு தேய்ந்து முறியும். முறிந்தால் சக்கரம் சாய்ந்துவிடும்.
- பொறியின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. வண்டி தரைக்கு மிக அருகில் செல்வதால் இது எளிதில் அடிபடும்.

திறன்கூட்டலில் பொறியைவிடத் தொங்கல் அமைப்பைச் சரிசெய்வதே முதலில் வரும். டயர்களின் காற்றழுத்தம் சாதாரணத் தானுந்தைவிடக் குறைவாக வைக்கப்படுகிறது. வண்டி இலேசானது என்பதே காரணம். 500 கிலோ வண்டியில் 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் மொத்த எடையில் எட்டில் ஒரு பங்குக்கும் அதிகம். ஆகவே ஓட்டுநரோ அவர் எடைக்கு இணையான சுமையோ இருக்கையில் இருக்கும்போதுதான் உயரமும், நான்கு சக்கரங்களின் மீதான எடைப் பங்கீடும் அளக்கப்படுகின்றன. அதன் பிறகே சக்கரங்களின் சாய்கோணமும் திசைக்கோணமும் சரிசெய்யப்படும். இவ்வரிசையை மாற்றினால் முன்னர் செய்த வேலை வீணாகும்.

பொறியைப் பொறுத்தவரை, இரட்டைத் தொண்டை கொண்ட இரண்டு வெபர் கார்புரேட்டர்களே உயர்திறன் செவன்களின் அடையாளம். இவற்றில் ஒவ்வொரு உருளைக்கும் தனித் தொண்டை உண்டு. மார்க் 3 இல் சாப்மன் தடுப்பு வைத்துச் செய்ததையே இவை முழுமையாகச் செய்கின்றன. நான்கு தொண்டைகளும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். முதலில் வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும் சரியாக்கப்படும். பின்னர் காற்றோட்ட அளவியால் இரு கார்புரேட்டர்களும் சமன்படுத்தப்படும். கடைசியாக எரிபொருள் கலவை திருகுகளால் திருத்தப்படும். நெம்புருள் தண்டையோ புகைபோக்கியையோ மாற்றினால் எரிபொருள் துளைகளின் அளவையும் மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். திறன் இரு மடங்கானால் பின் அச்சும் பிரேக்கும் அதைத் தாங்குமா என்று பார்ப்பதும் இப்பணியின் ஒரு பகுதியே.

பந்தயத் தானுந்துகள்

சாப்மன் திறமையான ஓட்டுநராகவும் இருந்தார். 1956 பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு வான்வால் அணியின் ஓட்டுநராகப் பதிவு செய்துகொண்டார். பயிற்சியின்போது ஏற்பட்ட மோதலால் பங்கேற்கவில்லை. அவ்வணியின் தானுந்துக்கு அடிச்சட்டத்தை வடிவமைத்தவரும் இவரே. 1958 இல் லோட்டஸ் அணி பார்முலா 1 இல் நுழைந்தது.

1962 இல் வந்த லோட்டஸ் 25 இல் குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக, தகடுகளால் ஆன மோனோகாக் உடலே விசையைத் தாங்கியது. இதில் ஜிம் கிளார்க் 1963 இல் உலகப் பட்டம் வென்றார். 1965 இல் அவர் மீண்டும் உலகப் பட்டம் பெற்றதோடு, லோட்டஸ் 38 இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் வென்றார். 1967 இன் லோட்டஸ் 49 இல் காஸ்வொர்த் டிஎஃப்வி பொறியே பின்பகுதிச் சட்டமாகவும் பயன்பட்டது. பின்சக்கரத் தொங்கல் அமைப்பு பொறியுடனும் கியர் பெட்டியுடனும் இணைக்கப்பட்டது. செவனின் மேற்கரத்தில் கண்ட அதே கொள்கையின் பெரிய வடிவம் இது. காஸ்வொர்த்தைத் தோற்றுவித்த மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் இருவரும் முன்பு லோட்டசில் பணியாற்றியவர்கள்.

1970 இல் ஆப்பு வடிவ லோட்டஸ் 72 வந்தது. 1978 இன் லோட்டஸ் 79, வண்டிக்கு அடியில் ஓடும் காற்றைக் கொண்டு வண்டியைத் தரையோடு அழுத்தும் தரை விளைவை முழுமையாகப் பயன்படுத்தியது.

லோட்டஸ் தானுந்தில் உலகப் பட்டம் வென்ற ஓட்டுநர்கள்:

- ஜிம் கிளார்க் – 1963, 1965
- கிரகாம் ஹில் – 1968
- ஜோக்கன் ரிண்ட் – 1970
- எமர்சன் பிட்டிபால்டி – 1972
- மரியோ ஆண்ட்ரெட்டி – 1978

தயாரிப்பாளர் பட்டம் இவ்வாண்டுகளிலும், கூடுதலாக 1973 இலும் கிடைத்தது.

விபத்துகளும் விமர்சனங்களும்

லோட்டஸ் தானுந்துகள் வேகமானவை, ஆனால் எளிதில் முறிபவை என்ற பேச்சு தொடக்கம் முதலே இருந்தது. 1960 பெல்ஜியப் பந்தயத்தின் பயிற்சியில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டசின் பின்சக்கரம் கழன்று அவர் படுகாயமடைந்தார். அதே பயிற்சியில் மைக் டெய்லரின் லோட்டசில் திசைமாற்றித் தண்டு முறிந்தது. அவரது பந்தய வாழ்வு அத்துடன் முடிந்தது.

1968 ஏப்ரல் 7 அன்று ஹாக்கன்ஹைம் தடத்தில் கிளார்க் உயிரிழந்தார். பின்சக்கர டயரில் காற்று இறங்கியதே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். நெருங்கிய நண்பரின் இழப்பு சாப்மனை மிகவும் பாதித்தது. 1969 ஸ்பானியப் பந்தயத்தில் ஹில், ரிண்ட் இருவரின் தானுந்துகளிலும் உயர்ந்த காற்றுத்தகடுகள் முறிந்தன. காயமடைந்த ரிண்ட் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். வண்டிகள் போதிய வேகம் கொண்டவை என்றும், சில கிலோ எடையைக் கூட்டிப் பலவீனமான பாகங்களை வலுப்படுத்தலாம் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். 1970 செப்டம்பர் 5 அன்று மோன்சாவில், ரிண்டின் லோட்டஸ் 72 இல் முன்பிரேக்குத் தண்டு முறிந்து வண்டி தடுப்பில் மோதியது. ரிண்ட் இறந்தார். அதுவரை பெற்ற புள்ளிகளால் அவருக்கு இறப்புக்குப் பின் உலகப் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாறு பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. தடுப்பு முறையாக அமைக்கப்படாததும் இறப்புக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

இவ்விபத்துகள் எல்லாவற்றுக்கும் இலேசான வடிவமைப்பே காரணம் எனக் கூற இயலாது. அக்காலத்தில் பிற அணிகளின் ஓட்டுநர்களும் பலர் இறந்தனர். தடங்களின் பாதுகாப்பும் மோசமாக இருந்தது. எனினும் எங்கே குறைப்பை நிறுத்துவது என்ற கேள்விக்குச் சாப்மன் அளித்த விடை மற்றவர்களின் விடையைவிட எல்லைக்கு அருகில் இருந்தது என்பதைப் பலரும் ஏற்கின்றனர்.

டெலோரியன் விவகாரமும் மறைவும்

1978 இல், வட அயர்லாந்தில் பிரித்தானிய அரசு நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட டெலோரியன் தானுந்தின் பொறியியல் பணி லோட்டசுக்கு வந்தது. இதற்கான பணத்தில் ஒரு கோடி டாலருக்கும் அதிகமான தொகை, பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் வழியே திருப்பப்பட்டது பின்னர் தெரியவந்தது. விசாரணை தொடங்கிய காலத்தில், 1982 டிசம்பர் 16 அன்று, சாப்மன் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 54. அவர் மீது வழக்கு நடைபெறவில்லை. லோட்டசின் நிதிப் பொறுப்பாளர் 1992 இல் சிறைத்தண்டனை பெற்றார். சாப்மன் உயிருடன் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் கடுமையான தண்டனை கிடைத்திருக்கும் என அவ்வழக்கின் நீதிபதி கருத்துரைத்தார்.

சாப்மன் இறந்த அதே நாளில், தொங்கல் அமைப்பைக் கணினி இயக்கும் லோட்டஸ் 92 பந்தயத் தானுந்தின் சோதனை ஓட்டம் நடைபெற்றது.

பிற்காலத் தாக்கம்

லோட்டஸ் பந்தய அணி 1994 வரை இயங்கியது. தானுந்து நிறுவனம் 1986 இல் ஜெனரல் மோட்டார்சுக்கும், பின்னர் 1996 இல் மலேசியாவின் புரோட்டானுக்கும் கைமாறியது. 2017 இல் சீனாவின் ஜீலி அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 1996 இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ், சாப்மனின் எடைக்குறைப்புக் கொள்கைக்கு நிறுவனம் மீண்டும் திரும்பியதன் அடையாளமாகக் கருதப்படுகிறது.

செவனின் வடிவத்தைப் பின்பற்றி இங்கிலாந்தின் வெஸ்ட்பீல்டு, நெதர்லாந்தின் டோங்கர்வூர்ட், தென்னாப்பிரிக்காவின் பிர்கின் முதலிய நிறுவனங்களும் தானுந்துகளை உருவாக்கின. தம் கையால் பூட்டிய வண்டியைத் தாமே பழுதுபார்த்து ஓட்டும் ஆர்வலர் குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. பின் அச்சுக் கூட்டுக்கு வலுவூட்டும் தகடும், அடிச்சட்டத்துக்குக் கூடுதல் குழாயும் இவர்களது வண்டிகளில் பரவலாகக் காணப்படுகின்றன. சாப்மன் குறைத்த எடையில் ஒரு சிறு பகுதியை, தேவை கண்ட இடத்தில் மட்டும், உரிமையாளர்கள் திரும்பச் சேர்த்துள்ளனர் எனலாம்.